விசித்திர வண்டி ஒன்று வாங்குவதென்றால் எதை வாங்குவது?

விசித்திரமான பழைய கார் ஒன்றை வாங்கியே தீருவது என்று முடிவெடுத்துவிட்டவரிடம் "வேண்டாம்" என்று சொல்லிப் பயனில்லை. அந்தக் கட்டத்தை அவர் எப்போதோ தாண்டியிருப்பார். வீட்டில் நடக்க வேண்டிய வாக்குவாதமும் நடந்து முடிந்திருக்கும். எதை வாங்குவது என்பது ஒன்றுதான் மிச்சம். அந்தக் கேள்வியோடு அண்மையில் என்னிடம் வந்தவர்கள் மூன்று பேர். அவர்களிடம் தனித்தனியே சொன்னதை ஒரே இடத்தில் எழுதிவைத்தால் நாலாவது ஆளுக்கு வேலை மிச்சம் என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன். பத்து ஆண்டுகள் கழித்து எந்த வண்டியின் மதிப்பு எவ்வளவு ஏறும் என்ற கணக்கை யாரும் இதில் தேட வேண்டாம். லாபம் பார்க்கப் பழைய கார் வாங்குகிறவர்கள் வேறு சாதி. அவர்கள் வண்டிகளைப் போர்வைக்குள் வைத்திருப்பார்கள், ஓட்ட மாட்டார்கள்.

பழையதெல்லாம் விசித்திரமாகிவிடாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஃபோக்ஸ்வேகன் பீட்டில் நல்ல வண்டிதான். முன்கண்ணாடியைக் கழுவும் தண்ணீரை ஸ்டெப்னி டயரின் காற்றழுத்தத்தைக் கொண்டு பீய்ச்சும் அதன் ஏற்பாட்டை நான் இன்றும் ரசிக்கிறேன். ஆனால் 2003-ஆம் ஆண்டு மெக்சிகோவில் கடைசி பீட்டில் வெளிவந்தபோது மொத்த எண்ணிக்கை 2 கோடியே 15 லட்சத்தைத் தாண்டியிருந்தது. அத்தனை பேர் வைத்திருந்த ஒன்றை விசித்திரம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீண்ட பானெட்டும் இரண்டே இருக்கைகளுமாக இருக்கும் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களும் இந்தக் கணக்கில் வரா. அவை எல்லோருக்கும் தெரிந்த விதத்தில் அழகானவை. ஒரு சிக்கலைக் கையில் எடுத்த பொறியாளர்கள், ஊரார் போன பாதையில் போகாமல் தங்களுக்கென்று ஒரு பாதை வெட்டி, அதோடு நிற்காமல் அந்த வண்டியைத் தொழிற்சாலையிலிருந்து வெளியேயும் அனுப்பிவிட்ட துணிச்சலைத்தான் நான் விசித்திரம் என்கிறேன்.

இப்படிப்பட்ட வண்டிகளை ஒப்பிடும்போது வேகம், சொகுசு, மைலேஜ் என்ற வழக்கமான அளவுகோல்கள் கை கொடுப்பதில்லை. நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: வழியில் நின்றுவிட்டால், அது ஏன் நின்றது என்று எனக்குப் புரியுமா? நான் முதன்முதலில் வாங்கிய பழைய வண்டி (அதன் பெயரும் விற்றவர் பெயரும் இங்கே வேண்டாம்) மூன்று வாரம் அசையாமல் கிடந்தது. பெட்ரோல் பம்பை மாற்றினேன், காயிலை மாற்றினேன், கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினேன். கடைசியில் பாடியோடு சேரும் ஓர் எர்த் வயரின் முனை பச்சை பூத்திருந்ததுதான் காரணம் என்று தெரிந்தது. சுரண்டி முறுக்கியதும் முதல் தடவையிலேயே ஸ்டார்ட் ஆனது. மூன்று வாரம் வண்டி நின்றது அன்று என்னை உறுத்தவில்லை. எங்கே தேடுவது என்றே தெரியாமல் அதைச் சுற்றி வந்ததுதான் உறுத்தியது. அன்றிலிருந்து எந்த வண்டியின் பானெட்டைத் தூக்கினாலும், உள்ளே இருப்பது என் அறிவுக்கு எட்டுமா என்றுதான் முதலில் பார்க்கிறேன்.

இந்த அளவுகோலில் முதலில் நிற்பது பிரான்ஸின் சிட்ரோயன் 2சிவி. இதுவும் 38 லட்சத்துக்கு மேல் செய்யப்பட்ட வண்டிதானே, பீட்டிலுக்கு ஒரு நியாயம் இதற்கு ஒரு நியாயமா என்று கேட்பவர், ஒரு முறை இதை ஓட்டிவிட்டு வந்து கேட்கட்டும். 1930-களில் அந்த நிறுவனத்தின் தலைமையில் இருந்த பியேர்-ஜூல் புலான்ஷே தம் பொறியாளர்களிடம் கேட்ட வண்டி, இரண்டு விவசாயிகளையும் 50 கிலோ உருளைக்கிழங்கையும் சுமந்துகொண்டு மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போக வேண்டும். 100 கிலோமீட்டருக்கு 3 லிட்டர் பெட்ரோலுக்கு மேல் குடிக்கக் கூடாது. உழுத நிலத்தின் குறுக்கே ஓட்டினாலும் கூடையில் இருக்கும் முட்டை உடையக் கூடாது. நடுவில் போர் வந்து, 1948 அக்டோபரில்தான் பாரிஸ் கண்காட்சியில் அது மக்கள் கண்ணில் பட்டது. முதல் வண்டிகளில் 375 சிசி இன்ஜின், 9 குதிரைத்திறன். வைப்பரை ஓட்டக்கூடத் தனி மோட்டார் கிடையாது. ஸ்பீடோமீட்டர் கேபிளே அதையும் ஓட்டியது. ஆகவே வேகமாகப் போனால் வைப்பர் வேகமாக ஆடும், சிக்னலில் நின்றால் அதுவும் நின்றுவிடும், பிறகு கையால்தான் திருக வேண்டும். 1990-இல் உற்பத்தி நின்றபோது இன்ஜின் 602 சிசிக்கும் 29 குதிரைத்திறனுக்கும் வளர்ந்திருந்தது. இன்று வாங்குகிறவர் இந்தப் பிந்தைய 602-ஐத்தான் தேட வேண்டும். 9 குதிரைத்திறன் வண்டியைப் பார்த்து மகிழலாம், அதற்குப் பின்னால் வருகிறவர்கள் மகிழ மாட்டார்கள்.

ஓட்டுநர் இருக்கை வெயில்காலத்தில் சாய்ந்து கிடக்கும் நாற்காலி போன்றது: குழாய்ச் சட்டம், ரப்பர் பட்டைகள், மேலே துணி. கியர் லிவர் தரையிலிருந்து வரவில்லை, டேஷ்போர்டிலிருந்து குடைப்பிடி போல் நீட்டிக்கொண்டிருக்கிறது. அதைத் தள்ளி, இழுத்து, வலமும் இடமும் திருகி கியர் மாற்ற வேண்டும். பத்து நிமிடம் கைக்கு வராது, பதினோராவது நிமிடத்திலிருந்து மற்ற வண்டிகளில் ஏன் இப்படி வைக்கவில்லை என்று தோன்றும். முன்கதவுக் கண்ணாடியின் கீழ்ப்பாதி இறங்காது, மேல்நோக்கி மடியும். அதைச் சரியாக மாட்டாமல் விட்டால் குண்டும் குழியுமான சாலையில் முழங்கையின் மேல் வந்து விழும். வளைவில் வண்டி சாயும் சாய்வைப் பார்த்து முதல் தடவை உட்காருகிறவர் கைப்பிடியைத் தேடுவார். ஒவ்வொரு பக்கத்திலும் முன்சக்கரத்தின் ஸ்பிரிங்கும் பின்சக்கரத்தின் ஸ்பிரிங்கும் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டிருப்பதால், முன்சக்கரம் ஒரு மேட்டைத் தொட்டதுமே பின்பக்கம் அதற்குத் தயாராகிவிடுகிறது. சாய்வது உண்மை, கவிழ்வது அபூர்வம்.

பழுது பார்ப்பதில்தான் 2சிவி என் மனத்தை வென்றது. காற்றால் குளிரும் இன்ஜின் ஆகையால் ரேடியேட்டர் இல்லை, தண்ணீர் ஒழுக வழியில்லை. ஹெட் கேஸ்கெட் இல்லை, டிஸ்ட்ரிபியூட்டர் இல்லை. முன் மட்கார்டுகளைச் சில போல்ட்டுகளைக் கழற்றி ஓரமாகச் சாய்த்து வைத்துவிட்டு வேலை செய்யலாம். சக்கர நட்டைக் கழற்றும் ஸ்பேனரே இன்ஜினைச் சுற்றும் கைப்பிடியாகவும் பயன்படுவதால், பேட்டரி இறந்த காலையிலும் யாரையும் தள்ளச் சொல்லிக் கூப்பிட வேண்டியதில்லை. குறையும் உண்டு. பற்றவைக்கும் பாயின்டுகள் குளிர்விக்கும் விசிறிக்குப் பின்னால் ஒளிந்திருப்பதால், ஒரு சிறு சுத்தம் செய்யவும் விசிறியைக் கழற்ற வேண்டும். இதை வடிவமைத்தவர் தம் கையால் ஒரு முறையாவது அதைச் செய்து பார்த்தாரா என்பது என் நீண்டகாலச் சந்தேகம். முன்சக்கரங்கள் திரும்பும் அச்சான கிங் பின்களுக்குத் தவறாமல் கிரீஸ் அடிக்க வேண்டும். சேஸிஸ் உள்ளிருந்து துருப்பிடிக்கும். ஆனால் துத்தநாகம் பூசிய புதிய சேஸிஸ் விற்பனைக்குக் கிடைக்கிறது. எலும்புக்கூட்டையே புதிதாக வாங்கி மாற்றிக்கொள்ள முடிகிற பழைய வண்டிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

எளிமையில் 2சிவியையும் மிஞ்ச வேண்டும் என்றால் கிழக்கு ஜெர்மனியின் டிராபன்ட் 601 இருக்கிறது. 1964-இல் வந்த இந்த வண்டியின் இன்ஜின் 600 சிசிக்குச் சற்றுக் குறைவான டூ ஸ்ட்ரோக். இரண்டு சிலிண்டர், 26 குதிரைத்திறன். மேலும் கீழும் ஆடும் வால்வுகள் இல்லை, ஆயில் பம்ப் இல்லை, பெட்ரோலோடு ஆயிலைக் கலந்து ஊற்ற வேண்டும். பெட்ரோல் பம்பும் இல்லை. பெட்ரோல் டேங்க் பானெட்டுக்கு அடியில், இன்ஜினைவிட உயரத்தில் இருப்பதால் பெட்ரோல் தானாகவே இறங்கி வரும். அளவு பார்க்கப் பெரும்பாலான வண்டிகளில் முள் கிடையாது, டேங்குக்குள் ஓர் அளவுகோலை விட்டுப் பார்க்க வேண்டும். தகரம் தட்டுப்பாடாக இருந்ததால் பாடியின் மேல்தகடுகளைப் பஞ்சுக் கழிவையும் பினால் பிசினையும் சேர்த்து அழுத்திச் செய்த ட்யூரோபிளாஸ்டால் அமைத்தார்கள். அது துருப்பிடிக்காது என்பதைக் கேட்டு மகிழ்கிறவர்கள், உள்ளே இருக்கும் எஃகுச் சட்டம் துருப்பிடிக்கும் என்பதைக் கேட்க நிற்பதில்லை. வெளியே பளபளவென்று இருக்கும் டிராபன்ட்டின் அடியில் படுத்துப் பார்த்தால் கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாகிவிடும்.

டிராபன்ட்டைக் கேலி செய்வது எளிது. அந்தக் கேலியில் நானும் பங்கெடுத்தவன்தான். ஆனால் பதிவு செய்துவிட்டுப் பத்தாண்டுகளுக்கு மேல் காத்திருந்த குடும்பங்களுக்கு அது கேலிப்பொருளாக இருக்கவில்லை. புது வண்டிக்கு இருந்த காத்திருப்பால், உடனே கிடைக்கிற பழைய டிராபன்ட் புதியதைவிட அதிக விலைக்குப் போனது. இன்று வாங்க நினைப்பவரிடம் நான் சொல்வது வேறு. அதன் நீலப்புகையும் வாசனையும் முதல் வாரம் உங்களுக்குப் பிடித்திருக்கும், பக்கத்து வீட்டுக்காரருக்கு முதல் வாரமும் பிடிக்காது. புகைக்கட்டுப்பாடு உள்ள நகரங்களில் அதை ஓட்ட அனுமதி உண்டா என்று கேட்டுவிட்டு வாங்குவது நல்லது.

டூ ஸ்ட்ரோக்கின் மேல் ஆசை, ஆனால் நெடுஞ்சாலையில் போகவும் வேண்டும் என்பவருக்கு விமானம் செய்த கம்பெனியின் கார் இருக்கிறது: ஸ்வீடனின் சாப் 96. 1960-இல் தொடங்கி 1980 வரை செய்யப்பட்ட இதன் வடிவம் முதுகு வளைந்த மீனைப் போலிருக்கும். முதலில் வந்த இன்ஜின் 841 சிசி, மூன்று சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், தொடக்கத்தில் 38 குதிரைத்திறன். மூன்று பிஸ்டன், மூன்று கனெக்டிங் ராட், ஒரு கிராங்க்ஷாஃப்ட் என அசையும் பாகங்கள் ஏழுதான் என்று அதன் ரசிகர்கள் பெருமையாகச் சொல்வார்கள். இந்த இன்ஜினை வைத்துக்கொண்டு ஸ்வீடன் பந்தய ஓட்டுநர் எரிக் கார்ல்சன் 1960, 61, 62 ஆகிய மூன்று ஆண்டுகளும் பிரிட்டனின் ஆர்ஏசி ராலி என்ற கார்ப் பந்தயத்தையும், 1962, 63-இல் மான்டி கார்லோ ராலியையும் வென்றார். எதிரில் இருந்தவர்களின் இன்ஜின்கள் இதைவிட எவ்வளவோ பெரியவை.

சாபின் விசித்திரம் எனக்கு ஏன் பிடிக்கிறது என்றால் அதற்குப் பின்னால் காரணம் இருக்கிறது. டூ ஸ்ட்ரோக்கில் ஆயில் பெட்ரோலோடுதான் உள்ளே போகிறது. நீண்ட இறக்கத்தில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால், சக்கரங்கள் இன்ஜினை வேகமாகச் சுழற்றிக்கொண்டிருக்க, பெட்ரோல் நின்றுபோய், ஆயிலும் நின்றுபோய், பிஸ்டன் வறண்டு இறுகிவிடும். அதைத் தடுக்க சைக்கிளின் பின்சக்கரத்தில் இருப்பது போன்ற ஃப்ரீவீல் ஒன்றை வைத்தார்கள். காலை எடுத்ததும் இன்ஜின் தனியே பிரிந்து மெதுவாக ஓடும், வண்டி தன் போக்கில் உருளும். ஓடும்போது கிளட்ச் மிதிக்காமலேயே கியர் மாற்றலாம். முதல் தடவை ஓட்டுகிறவருக்கு, இறக்கத்தில் இன்ஜினின் பிடி கிடைக்காமல் வண்டி வழுக்கிக்கொண்டு போவது போல் அடிவயிறு கலங்கும். வேண்டாதபோது அதைப் பூட்டிவிட ஒரு கைப்பிடி உண்டு. டிராபன்ட்டிலும் நாலாவது கியரில் இதே ஏற்பாடு இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது.

1967 மாடலிலிருந்து ஃபோர்டின் 1.5 லிட்டர் வி4 இன்ஜின் வந்தது. ஆயில் கலக்கும் வேலை ஒழிந்தது, இழுவை கூடியது, ஃப்ரீவீலை மட்டும் விடாமல் வைத்துக்கொண்டார்கள். சத்தம் மட்டும் பேச்சுப் போட்டியிலிருந்து வாக்குவாதத்துக்கு மாறியது போல் இருக்கும். வாங்குகிறவர் வி4-ஐ எடுப்பதே புத்திசாலித்தனம் என்று தெரிந்தும் டூ ஸ்ட்ரோக்கின் பாப்-பாப் சத்தத்துக்காக மனம் ஏங்குவேன் என்கிறது. வி4-இல் டைமிங் கியர்களில் ஒன்று ஃபைபரால் ஆனது, அது தேய்ந்து பல் உதிரும் முன் மாற்றிவிட வேண்டும். கியர் பாக்ஸும் வலுவானதல்ல, அவசரக்காரர் கையில் நீண்ட நாள் தாங்காது. மற்றபடி, தினமும் ஓட்டக்கூடிய விசித்திரம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். கார் செய்த கம்பெனி 2011-இல் திவாலானது பலருக்குத் தயக்கம் தரலாம். 96-ஐப் பொறுத்தவரை அதனால் பெரிய வேறுபாடு இல்லை. இந்த வண்டியின் பாகங்களை ஆர்வலர் சங்கங்களும் சிறு பட்டறைகளும்தான் நெடுங்காலமாகக் காப்பாற்றி வருகின்றன.

இடமில்லை, கராஜில் ஏற்கெனவே ஒரு வண்டி நிற்கிறது என்பவர்கள் குமிழி போல் உருண்டையாக இருக்கும் சிறிய குமிழிக் கார்களைப் பற்றிக் கேட்பார்கள். பிஎம்டபிள்யூ இசெட்டாவுக்கு ஒரே கதவு, அது வண்டியின் மூக்கில் இருக்கிறது. கதவைத் திறந்தால் ஸ்டீயரிங்கும் அதோடு சேர்ந்து வெளியே வரும். 1955-இலிருந்து 1962 வரை 1,60,000-க்கு மேல் செய்தார்கள். சுவரை முட்டுமளவுக்கு முன்னால் நிறுத்திவிட்டால் கதவு திறக்காது, மேலே இருக்கும் துணிக்கூரை வழியாகத்தான் வெளியேற வேண்டும். அந்தக் கூரை அவசர வழியாகவும் எண்ணி வைக்கப்பட்டதுதான். நான் அதைவிட ரசிப்பது மெசர்ஷ்மிட் கேஆர்200-ஐ. மூன்று சக்கரம், ஒருவர் பின் ஒருவராக இரண்டு பேர், தலைக்கு மேல் விமானத்தில் இருப்பது போன்ற கண்ணாடிக் கவிகை, 191 சிசி டூ ஸ்ட்ரோக். இதற்கு ரிவர்ஸ் கியரே கிடையாது. இன்ஜினை நிறுத்தி, சாவியை இன்னும் ஆழமாக அழுத்தி ஸ்டார்ட் செய்தால் கிராங்க்ஷாஃப்ட் எதிர்த்திசையில் சுழலும். அதன் பலன், பின்னோக்கிப் போக நான்கு கியர்கள். நான்காவது வரை போட்டுப் பார்க்கும் துணிச்சல் எனக்கு வந்ததில்லை.

பின்னோக்கிப் போவதில் இதற்குப் போட்டி நெதர்லாந்தின் டாஃப் 600 மட்டுமே. 1958-இல் வந்த அந்தக் கார் கியருக்குப் பதில் ரப்பர் பெல்ட்டுகளும் விரிந்து சுருங்கும் கப்பிகளும் கொண்டு ஓடியதால், முன்னால் போகும் வேகத்திலேயே பின்னாலும் போகும். அந்நாட்டில் பின்னோக்கி ஓட்டும் பந்தயமே நடத்தினார்கள். இவை எல்லாமே கேட்கவும் காட்டவும் நன்றாக இருப்பவை. ஆனால் ஒரே விசித்திர வண்டி வைத்திருக்கப் போகிறவர் குமிழிக் காரை வாங்கினால், மூன்று மாதத்தில் அது பிள்ளைகள் படமெடுத்துக்கொள்ளும் பொருளாகிவிடும். இரண்டாவது வண்டியாக வாங்கலாம்.

ஆம்ஃபிகார் 770-ஐப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். 1960-களில் ஜெர்மனியில் 3,878 வண்டிகள் செய்யப்பட்டன. தரையில் மணிக்கு 70 மைல், தண்ணீரில் 7 நாட் (மணிக்கு 7 கடல் மைல்) என்பதுதான் பெயரிலுள்ள எண்ணுக்குக் காரணம். தண்ணீரில் பின்னால் இரண்டு புரொபெல்லர்கள் தள்ள, முன்சக்கரங்களே சுக்கானாகத் திரும்பும். அமெரிக்க ஜனாதிபதி லிண்டன் ஜான்சன், பிரேக் பிடிக்கவில்லை என்று கத்திக்கொண்டே விருந்தினர்களோடு இதை ஏரிக்குள் இறக்கி வேடிக்கை பார்த்திருக்கிறார். காராகப் பார்த்தால் சுமார், படகாகப் பார்த்தாலும் சுமார். ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்ற பழமொழிக்கு இதைவிடப் பொருத்தமான பொருள் கிடைக்காது. ஒவ்வொரு நீச்சலுக்குப் பிறகும் அடியில் கிரீஸ் அடிக்க வேண்டும், அதுவும் எஃகு பாடிக்கு. ஏரிக்கரையில் குடியிருக்காதவர் இதை மறந்துவிடலாம். ஏரிக்கரையில் குடியிருப்பவர் ஒரு படகு வாங்கலாம்.

இனி பெரிய ஆசைகளுக்கு வருவோம். சிட்ரோயன் டிஎஸ்ஸைப் பார்த்து மயங்காதவர் இந்த ஆட்டத்துக்கே வந்திருக்க மாட்டார். 1955 அக்டோபர் 5-ஆம் தேதி பாரிஸ் கண்காட்சியில் திரை விலகிய முதல் 15 நிமிடத்தில் 743 பேர் பதிவு செய்தார்கள். அன்று மாலைக்குள் எண்ணிக்கை 12,000-ஐ எட்டியது. ஸ்பிரிங்குக்குப் பதில் நைட்ரஜன் வாயு அடைத்த உருண்டைகளும் அழுத்தமேற்றிய திரவமும் வண்டியைத் தாங்குகின்றன. இன்ஜின் ஓடத் தொடங்கியதும், தூங்கி எழும் பிராணியைப் போல் முதலில் ஒரு முனை, பிறகு மறு முனை என்று வண்டி தரையிலிருந்து மெல்ல எழுந்து நிற்கும். அந்தச் சில நொடிகளுக்காகவே அதை வாங்கியவர்களை எனக்குத் தெரியும். பிரேக்குக்கு மிதிகட்டை கிடையாது, தரையில் காளான் போன்ற ஒரு ரப்பர் குமிழ். பாதத்தால் அழுத்தினால் நிற்கும், காலால் உதைத்தால் நெற்றி கண்ணாடியில் இருக்கும். டயர் மாற்ற ஜாக்கி அடித்துச் சிரமப்பட வேண்டாம்: வண்டியை முழு உயரத்துக்கு ஏற்றி, அடியில் ஒரு முட்டுக்கொடுத்து, பிறகு இறங்கச் சொன்னால் அந்தப் பக்கச் சக்கரம் தானே தரையை விட்டு எழும்பும். 1962 ஆகஸ்ட் 22 அன்று பிரெஞ்சு ஜனாதிபதி ஜெனரல் டி கோல் சென்ற டிஎஸ்ஸின் மேல் குண்டுமழை பொழிந்தபோது, டயர்கள் கிழிந்த நிலையிலும் ஓட்டுநர் அதை நேராக ஓட்டித் தப்பினார் என்றால், இந்த சஸ்பென்ஷனைக் குறை சொல்ல நான் யார்?

ஆனாலும் என் கேள்விக்கு டிஎஸ் தேறவில்லை. சஸ்பென்ஷன், ஸ்டீயரிங், பிரேக் எல்லாம் ஒரே பம்பின் திரவ அழுத்தத்தை நம்பியிருக்கின்றன. எளிய மாடல்கள் நீங்கலாக, முழு டிஎஸ்ஸில் கிளட்ச்சும் கியரும்கூட அப்படித்தான். எங்கோ ஒரு சிறு குழாய் கசிந்தால் அது எந்தக் குழாய் என்று கண்டுபிடிக்க, நான் அன்று எர்த் வயரைத் தேடிய மூன்று வாரமும் போதாது. முந்தைய வண்டிகளில் சிவப்புத் திரவம். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சி உள்ளிருந்தே அரித்தது. 1966-இல் பச்சைத் தாது எண்ணெய்க்கு மாறினார்கள். ஒன்றுக்குப் பதில் மற்றொன்றை ஊற்றிவிட்டால் சீல்கள் எல்லாம் போய்விடும், யானையை வாங்கி அங்குசத்தைத் தொலைத்த கதைதான். டிஎஸ்ஸை மட்டுமே பார்க்கும் மெக்கானிக் ஒருவர் பக்கத்தில் இருந்தால் தாராளமாக வாங்கலாம். பச்சைத் திரவ வண்டியாகவும், முடிந்தால் சாதாரண கிளட்ச் மிதிகட்டை உள்ள எளிய மாடலாகவும் இருக்கட்டும். அப்படி ஒருவர் இல்லையென்றால், வைத்திருப்பவரோடு நட்பு பாராட்டுவது சிக்கனம்.

டிஎஸ் கேள்விக்குத் தேறவில்லை என்றால், என்எஸ்யு ரோ 80 கேள்வியையே கேட்க விடாது. 1967-இல் ஜெர்மனியில் வந்த இந்தக் காரை இன்று சாலையில் நிறுத்தினாலும் எந்த ஆண்டு மாடல் என்று சொல்ல மாட்டார்கள். கிளாஸ் லூத்தே வரைந்த அந்த உடல் காலத்தை அவ்வளவு முந்திப் பிறந்தது. 1968-இன் ஐரோப்பியக் கார் விருதும் அதற்கே கிடைத்தது. பிஸ்டன் இல்லாத வாங்கெல் இன்ஜின்: முக்கோண வடிவ ரோட்டர்கள் இரண்டு, அதிர்வே இல்லாத ஓட்டம், 115 குதிரைத்திறன். முக்கோணத்தின் முனைகளில் இருக்கும் சிறு சீல்கள்தான் அறையின் சுவரை உரசிக்கொண்டு அழுத்தத்தைக் காக்க வேண்டும். தொடக்க கால வண்டிகளில் அவை வேகமாகத் தேய்ந்து இன்ஜின்கள் இறந்தன. கம்பெனி வாரண்டியில் புதுப்புது இன்ஜின்களாகக் கொடுத்துக் கொடுத்து ஓய்ந்தது; 1969-இல் ஃபோக்ஸ்வேகன் குடும்பத்தில் ஆட்டோ யூனியனோடு சேர்க்கப்பட்டது. எதிரே வரும் இன்னொரு ரோ 80-ஐக் கண்டால் ஓட்டுநர்கள் கையசைக்காமல் விரல்களைக் காட்டுவார்கள், அது அவரவர் வண்டிக்கு இது எத்தனையாவது இன்ஜின் என்ற கணக்கு என்று ஒரு கதை உண்டு. கியர் லிவரின் குமிழைத் தொட்டாலே கிளட்ச் விடுபடும் என்பதால், சும்மா கையை அதன் மேல் வைத்து ஓட்டும் பழக்கமுள்ளவருக்கு இது முதல் நாளே பாடம் கற்பிக்கும். சீல்கள் பின்னாளில் மேம்பட்டன, நன்றாக ஓடும் வண்டிகளும் இருக்கின்றன. ஆனால் அந்த இன்ஜினைத் திறந்து பார்த்து நியாயம் சொல்லத் தெரிந்தவர்கள் மிகச் சிலரே.

இத்தனை பயமுறுத்தலுக்குப் பிறகு, "எனக்குப் பார்க்க மட்டும் விசித்திரமாக இருந்தால் போதும், பானெட்டைத் திறக்கவே வேண்டாம்" என்பவருக்கு ஒரு வழி இருக்கிறது. நிசான் 1991-இல் விட்ட ஃபிகாரோ, 1950-களின் முகத்தைப் போட்டுக்கொண்டு, உள்ளே தன் சிறிய மைக்ராவின் உறுப்புகளை வைத்திருக்கும் துணிக்கூரைக் கார். ஒரு லிட்டர் டர்போ, மூன்று வேக ஆட்டோமேட்டிக், ஏறத்தாழ 20,000 வண்டிகள். கேட்டவர்கள் அதிகமாகிவிட்டதால் குலுக்கல் போட்டு விற்றார்கள். நம்பி ஓட்டலாம். என் கண்ணுக்கு அது வேடமிட்ட வண்டி, ஆகவே இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு ஆர்வமில்லை. என் மனைவி கேட்டால் வாங்கித் தந்துவிடுவேன்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் பார்க்கப் போகும்போது செய்ய வேண்டியவை சில உண்டு. விற்பவரிடம், நான் வரும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று முன்கூட்டியே சொல்லுங்கள்; போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையாக பானெட்டின் மேல் உள்ளங்கையை வையுங்கள். சூடாக இருந்தால், குளிர்ந்த இன்ஜின் எப்படிக் கிளம்புகிறது என்பதை உங்களுக்குக் காட்ட அவருக்கு விருப்பமில்லை. புதுப் பெயின்டைப் பார்த்து மகிழாமல், துணி சுற்றிய ஒரு காந்தத்தைக் கதவின் அடிப்பகுதியில் நகர்த்திப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் தகரம் இல்லை, ஓட்டையை அடைக்கப் பூசிய புட்டிதான் இருக்கிறது (டிராபன்ட்டில் இந்தச் சோதனை பலிக்காது, அங்கே எங்குமே ஒட்டாது). இன்ஜின் கெட்டிருந்தால் பணம் போகும். சேஸிஸ் துருப்பிடித்திருந்தால் ஆண்டுகள் போகும். அந்த மாடலை வைத்திருப்பவர்களின் சங்கத்தில் வாங்குவதற்கு முன்பே சேர்ந்துவிடுவது நல்லது. எந்தப் பாகம் எங்கே கிடைக்கும் என்பதைவிட, எந்த வண்டியை யார் ஏன் விற்கிறார்கள் என்பது அங்கேதான் தெரியவரும்.

ஆகவே மூன்று பேரில் முதலாமவருக்கு, கையில் ஸ்பேனர் பிடிக்க ஆசையுள்ள இளைஞருக்கு, 602 சிசி 2சிவி என்று சொன்னேன். நெடுந்தூரம் ஓட்டும் இரண்டாமவருக்குச் சாப் 96 வி4. டிஎஸ்தான் வேண்டும் என்று அடம்பிடித்த மூன்றாமவரிடம் மெக்கானிக்கை முதலில் தேடுங்கள், வண்டியைப் பிறகு தேடலாம் என்றேன். அவர் வண்டியை முதலில் வாங்கிவிட்டார், மெக்கானிக்கை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்.

எனக்கு நானே சொல்லிக்கொண்டதும் இதே ஆலோசனைதான். ஆனால் போன வாரம் ரோ 80 ஒன்று விற்பனைக்கு வந்திருப்பதைப் பார்த்தேன். வெள்ளி நிறம், உள்ளே இருக்கைகள் கிழியவில்லை, அடிப்பாகத்தின் படங்களையும் மறைக்காமல் போட்டிருந்தார்கள். இன்ஜின் புதிது என்று எழுதியிருந்தது. எத்தனையாவது புதிது என்று நான் இன்னும் கேட்கவில்லை.